இரண்டடி ‘கம்போ’ தொட்டி: கண்ணாடியை வாங்கலாம், மீன் கவர் வேண்டாம்

புதிதாக மீன் வளர்க்கக் கிளம்பும் சேலத்துக்காரருக்குக் கடையில் முதலில் காட்டப்படுவது இரண்டடி கம்போதான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் தொட்டி, மூடி, எல்இடி விளக்கு, உள்ளேயே மூழ்கி ஓடும் ஃபில்டர், ஏர் மோட்டார், கலர் கல், குளோரின் போக்கும் சொட்டு மருந்து, நீல மருந்து, தீனி டப்பா. கூடவே ஒரு கவரில் ‘அஞ்சு ஜோடி மிக்ஸ்’ மீன். பொருள்கள் கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். சிக்கல் அநேகமாக அந்தக் கவரில்தான் இருக்கும்.

தொட்டியில் பெரிய குறை சொல்ல முடியாது. இந்த அளவுக்கு 5 மி.மீ. கண்ணாடி போதும். மூலைகளில் சிலிக்கான் இடைவெளி இல்லாமல் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். கல் போட்டு, மேலே இரண்டு அங்குலம் விட்டால் தண்ணீர் 45 லிட்டர்கூடத் தேறாது. எத்தனை மீன் என்பதை இந்த அளவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லோடு சேர்த்து எடை அறுபது கிலோவை நெருங்கும், பிளாஸ்டிக் ஸ்டூல் தாங்காது. அடியில் தெர்மாகோல் விரித்து, ஆடாத மேசையில் வையுங்கள். ஏர் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி மோட்டாருக்குள் போகும்.

மீன் கவருக்கு வருவோம். ஒரு ஜோடி ஏஞ்சல், ஒரு ஜோடி டைகர் பார்ப், ஒரு ஜோடி கோல்ட் ஃபிஷ், ஒரு ஜோடி நியான் டெட்ரா, ‘அழுக்கைத் தின்னும்’ என்று சொல்லி ஒரு ஜோடி சக்கர்: இதுதான் வழக்கமான கலவை. பார்க்க அழகு, சேர்ந்து வாழத் தோதில்லை. டைகர் பார்ப் ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியானை விழுங்கும். கோல்ட் ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும். அதற்குப் பிடித்த குளிர்ச்சி ஏஞ்சலுக்கு ஆகாது. சக்கர் பாசியைச் சுரண்டும், மற்ற மீன்களின் கழிவைத் தொடாது, தன் பங்குக்கு வேறு கழிக்கும். விரல் நீளத்தில் வாங்கும் அது ஓரடிக்கு மேல் வளரும்.

ஜோடிக் கணக்கே தப்பு. டெட்ரா, பார்ப், சீப்ரா எல்லாம் கூட்ட மீன்கள், ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு மூலையில் ஒதுங்கும், பார்ப் என்றால் மற்றதைக் கடிக்கும். கப்பி, மோலியில் ஓர் ஆணுக்கு ஒரு பெண் என்று விட்டால் ஆண் விடாமல் துரத்தியே பெண்ணைச் சோர்ந்துபோகச் செய்யும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்று கேட்டு வாங்குங்கள். குட்டி பெருக வேண்டாம் என்றால் ஆண் கப்பி மட்டும் ஆறு போதும். கலரும் வாலும் அதற்குத்தானே!

எந்த மீன் என்பதை உங்கள் வீட்டுத் தண்ணீர்தான் தீர்மானிக்கும். மாக்னசைட் என்ற மக்னீசியத் தாது வெட்டும் பூமி இது. போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளை ஏடு படிகிறது என்றால் அது கடினத் தண்ணீர், நாம் உப்புத் தண்ணி என்போமே, அதுதான். நியானுக்கு இது ஒத்துவராது. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் ஆகிய குட்டி போடும் மீன்களுக்கோ இதுதான் பிடித்த தண்ணீர். மென்மையான தண்ணீரில் மோலி நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு நலிந்துபோகும். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். சொட்டு மருந்து விடுங்கள், அல்லது வாளியில் ஏர் மோட்டார் ஓடவிட்டு ஒரு நாள் வைத்துப் பிறகு ஊற்றுங்கள்.

45 லிட்டருக்குப் பரிந்துரை: ஆண் கப்பி ஆறு, பிளாட்டி மூன்று (ஆண் ஒன்று, பெண் இரண்டு). அல்லது சீப்ரா ஆறு, பிளாட்டி மூன்று. சீப்ராவையும் கப்பியையும் சேர்க்காதீர்கள், சில சீப்ரா கப்பி வாலைக் கொத்தும். மோலி கொஞ்சம் பெரிதாகும், பிளாட்டிக்குப் பதில் மூன்றோடு நிறுத்துங்கள். ஃபைட்டர் இந்தக் கூட்டத்தில் வேண்டாம், கப்பியின் வாலைக் கண்டாலே சண்டைக்குப் போகும்.

அதையும் ஒரே நாளில் விடக்கூடாது. கம்போ வாங்கும் இடத்தில் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இது. மீன் கழிவில் இருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீன் விட்டால் ஒரு வாரத்தில் மேலே வந்து வாய் பிளக்கும். போர் தண்ணீரில் ஆபத்து கூடுதல்: காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-இல் இருந்து 8-க்கு ஏறினால் அதே அம்மோனியாவில் நச்சாகும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அதனால் முதலில் மூன்று மீன், தினம் ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. நன்றாக ஓடும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் வாங்கி உங்கள் ஃபில்டரில் சொருகுங்கள், நாள் நிறையக் குறையும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசினால் குளோரினில் பாக்டீரியா செத்துவிடும்; தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும், கல்லை எல்லாம் அள்ளி வெளியே போட்டுக் கழுவ வேண்டாம்.

நீல மருந்தை அலமாரியில் வையுங்கள். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் பாதிக்கப்படும், சிலிக்கானில் நீலக் கறையும் ஏறும். நோய் வந்த மீனைத் தனி வாளிக்கு மாற்றிக் கொடுக்கத்தான் அது.

சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மூடியை எடுத்து, மீன் தாவாமல் வலை கட்டி, மேற்பரப்பில் ஃபேன் காற்று படவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்த அளவை உப்புத் தண்ணியால் நிரப்பாதீர்கள், உப்பு சேர்ந்துகொண்டே போகும். குளோரின் போக்கிய நல்ல தண்ணியை ஊற்றுங்கள்.

ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் கம்போவில் பெரும்பாலும் இல்லாத ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும்: 50 வாட் ஹீட்டர். மார்கழிக் குளிரில் அது இல்லாமல் கப்பியும் பிளாட்டியும் வெள்ளைப் புள்ளி நோயில் விழும். 24 டிகிரியில் வையுங்கள். ஹீட்டர் வேண்டாம் என்றால் 18 டிகிரி வரை தாங்கும் சீப்ராவைப் பாருங்கள், அதுவும் வீட்டுக்குள் அதற்குக் கீழே இறங்காத இடத்தில்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த கவரை அப்படியே கவிழ்க்காதீர்கள். அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் நான்கைந்து முறை சேர்த்த பிறகு, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் சாக்கடைக்கு.