18,500 ரூபாய்க்கு வந்த பிளாஸ்டிக் வட்டம்: பங்க் இசைத்தட்டு வாங்குறவங்க கவனம்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையைக் கேட்டு, அதை இசைத்தட்டாகவும் வாங்கிச் சேர்க்கிற ஆட்கள் ஒரு சின்னக் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தைக் குறிவைத்தே ஒரு சமூக ஊடகப் பக்கம் வேலை செய்கிறது. பேர் போடவில்லை, வகையைச் சொல்கிறேன். கொழும்பில் இருந்து நடத்துவதாகச் சொல்லும். கடை முகவரி கிடையாது. "வெளிநாட்டு அபூர்வத் தட்டுகள்" என்று படம் போடும், விலையை இன்பொக்ஸில் மட்டும் சொல்லும். முழுக் காசையும் முன்கூட்டியே வங்கியில் போடச் சொல்லும். எங்கட 18,500 ரூபாய் அங்கேதான் போனது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், ஏனென்றால் அதே தட்டின் படம் நேற்று மறுபடியும் அந்தப் பக்கத்தில் ஏறியிருக்கிறது.

விற்றது என்ன? இப்போது இயங்குகிற ஒரு ஹார்ட்கோர் பாண்டின் 7 அங்குலத் தட்டு. 1980களின் தொடக்கத்துப் பின்லாந்து பங்க்கை அடியொற்றிச் செய்தது. எட்டுப் பாட்டு, பக்கத்துக்கு நாலு, நிமிடத்துக்கு 45 சுற்று வேகம். பாண்ட் உண்மையானது, பாட்டும் உண்மையானது, அவர்கள் அச்சடித்த தட்டும் உண்மையாக இருக்கிறது. எங்களுக்கு வந்ததுதான் அது இல்லை.

அந்தப் பக்கத்தை நடத்துகிற ஆள் நம்பிக்கையை எப்படிப் பிடித்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரையும் இப்படித்தான் பிடிப்பார். காசுப் பேச்சை அவர் முதலில் எடுக்கவே இல்லை. குரல் செய்தியில் இசை பற்றித்தான் பேசினார். சுவீடன் எல்லையில் இருக்கிற தோர்னியோவில் 1980இல் தொடங்கிய தேர்வேத் கேதெத், தம்பேரே நகரத்து காஓஸ், ரீஸ்தெதுத், பிறகு ரட்டுஸ் என்று பின்லாந்து பாண்டுகளை வரிசையாகச் சொன்னார். இங்கிலாந்தின் ஸ்டோக் ஒன் ட்ரென்டில் இருந்து வந்த டிஸ்சார்ஜ் பாண்டின் டிரம் அடியை இவர்கள் எப்படி எடுத்து இன்னும் வேகமாக்கினார்கள் என்று விளக்கினார். அந்தச் சத்தம் பிரேசில் பங்க் வரைக்கும் போனதைச் சொன்னார். எல்லாம் சரியான தகவல். "தம்பி, மட்டக்களப்பில இதெல்லாம் கேக்கிற ஆக்கள் இருக்கிறாங்க எண்டா எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? உங்களுக்காக ஒண்டு எடுத்து வைக்கிறன்." இப்படிப் பேசுகிற ஒருவரிடம் பில் கேட்க யாருக்கு வாய் வரும்? அதற்காகத்தான் அவர் அப்படிப் பேசுகிறார். இசை தெரிவது வேறு, நேர்மை வேறு.

பிறகு படம் வந்தது. "கண்ணாடி நிறச் சிறப்புப் பதிப்பு, 20 பிரதி மட்டும், கையால் இலக்கம் போட்டது." தட்டு சுழலுகிற ஒரு சின்ன வீடியோவும் வந்தது. விலை 18,500 ரூபாய், கூரியர் உட்பட. பொருள் கைக்கு வந்ததும் காசு தருகிறோம் என்றதற்கு, "அபூர்வச் சாமான் தம்பி, கூரியர்காரன் உடைச்சா ஆர் பொறுப்பு?" என்றார். காசு போட்டு சிலிப்பின் படமும் அனுப்பியாயிற்று.

வந்தது அச்சடித்த தட்டே இல்லை. ஒவ்வொன்றாக வெட்டி எடுத்த பிளாஸ்டிக்.

இந்த வித்தியாசம் தெரியாதவர்களுக்காக: உண்மையான இசைத்தட்டை ஆலையில் அச்சடிப்பார்கள். முதலில் லாக்கர் என்ற மென்மையான பூச்சுப் பூசிய அலுமினியத் தட்டிலோ செப்புத் தட்டிலோ ஒலியை வெட்டுவார்கள். அதிலிருந்து மின்முலாம் மூலம் நிக்கல் அச்சு எடுப்பார்கள். நீராவியால் சூடேற்றிய அந்த அச்சுகளுக்கு நடுவில் பீ.வீ.சி. கட்டியை வைத்து அழுத்தினால் ஒரு தட்டு. வெட்டுக்கும் அச்சுக்கும் வரும் செலவு பத்துப் பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அதனால்தான் ஆலைகள் குறைந்தது 100, பெரும்பாலும் 300 பிரதி கேட்கும். "மொத்தமே 20 பிரதி" என்று ஒருவர் சொன்னால் அது அச்சடித்ததாக இருப்பது மிக அரிது. 300இல் 20ஐ வேறு நிறத்தில் எடுப்பது உண்டு. அப்படியென்றால் மிச்சம் 280ஐப் பற்றியும் அந்த பாண்ட் எங்கேயாவது அறிவித்திருக்கும்.

மற்ற வழி, கடைசல் மாதிரியான ஒரு இயந்திரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தகட்டை வைத்து, ஓடுகிற பாட்டின் நேரத்துக்கே பள்ளம் வெட்டுவது. நாலு நிமிடப் பாட்டு என்றால் நாலு நிமிடம், அடுத்த பிரதிக்கு மறுபடியும் நாலு நிமிடம். இது தவறான தொழில் இல்லை. காசில்லாத பாண்டுகள் 20, 30 பிரதி இப்படி வெட்டி, வெட்டியது என்று சொல்லியே விற்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன். இந்த ஆள் செய்தது, இணையத்தில் கிடைத்த எம்.பி.3ஐத் தகட்டில் வெட்டி, பாண்டின் அட்டையை ஸ்கான் பண்ணி ஒட்டி, சிறப்புப் பதிப்பு என்று 18,500 ரூபாய்க்கு விற்றது. "கண்ணாடி நிறம்" என்ற பேரே தகட்டின் நிறத்தை மறைக்க வந்தது.

தட்டைக் கையில் எடுத்த உடனே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அச்சடித்த தட்டில் நடு லேபல் தாள் சூட்டிலும் அழுத்தத்திலும் பீ.வீ.சி.யோடு சேர்ந்து படிந்திருக்கும், பசை கிடையாது. நகத்தால் ஓரத்தைக் கிளப்ப முடியாது. எங்களுக்கு வந்ததில் லேபல் ஸ்டிக்கர், ஒரு பக்கம் கொப்புளம் வேறு. கடைசிப் பாட்டுக்கும் லேபலுக்கும் நடுவில் இருக்கிற வெற்று வளையத்தில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால், கீறிய எழுத்தும் இலக்கமும் தெரிய வேண்டும். எந்த வெட்டு, எந்தப் பக்கம் என்று ஆலை அடையாளம் காண்பது அதைக் கொண்டுதான். எங்களுடையதில் ஒன்றுமே இல்லை. பாட்டு முடிந்ததும் ஊசியை ஒரே வட்டத்தில் சுற்ற வைக்கிற பூட்டுப் பள்ளமும் இல்லை. ஊசி நேரே ஸ்டிக்கர் மேல் ஏறிக் கரகரத்தது. வைரமுனை போக அது ஒன்றே போதும். இரண்டாம் பக்கத்தில் நாலாவது பாட்டு நடுவில் அறுந்து நிற்கிறது, இடம் போதவில்லை! தன் பாட்டைத் தானே பாதியில் வெட்டி விற்கிற பாண்ட் உலகத்தில் உண்டா?

இதையெல்லாம் படமெடுத்து அனுப்பிய பிறகு வந்த பதில்கள்தான் காசு போனதை விட எரிச்சல்.

முதல் பதில்: "அது றோ சவுண்ட் தம்பி. பழைய பின்லாந்து பங்க் அப்பிடித்தான் கேக்கும்." இந்த இசையை அவமதிக்கிற பேச்சு இது. அந்தக் காலத்துப் பின்லாந்துப் பதிவுகள் கரடுமுரடானவை, உண்மை. குறைந்த காசில், குறைந்த நேரத்தில், அம்பிளிபயரை முறுக்கி வைத்துப் பதிந்தார்கள். கிற்றார் ஒரு சுவராக வரும், பேஸ் மெலிந்து கிடக்கும், பாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கரடு கிற்றாரில் இருந்து வருவது, பிளாஸ்டிக்கில் இருந்து வருவது இல்லை. இரண்டையும் பிரித்துக் கேட்கலாம். முதல் பாட்டுக்கு முன்னால் இருக்கிற வெற்றுப் பள்ளத்தில் ஊசியை வையுங்க. அங்கே கிற்றாரும் இல்லை, அம்பிளிபயரும் இல்லை. அங்கேயே எண்ணெயில் பொரிவது போல் விடாமல் சத்தம் வந்தால் அது தட்டின் சத்தம். அடுத்தது, "டிக்" என்று வருவது ஒரே இடைவெளியில் வருகிறதா என்று எண்ணுங்க. 45 வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.33 வினாடி, 33 வேகத்தில் 1.8 வினாடி. அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் தட்டில் குறை, டிரம்மர் தலையில் போடக்கூடாது. மூன்றாவது, சிம்பலை, அதாவது டிரம்மோடு சேர்த்து அடிக்கிற உலோகத் தாளத்தைக் கேளுங்க. முறுக்கிய அம்பிளிபயரில் பதிந்த சிம்பல் கிழியும், காந்தும். தரம் குறைந்த எம்.பி.3யில் சிம்பல் தண்ணீருக்குள் கேட்பது போல் சுழலும். எங்கட தட்டில் சுழலுகிறது. கணினியில் பதிந்து அவுடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அதிர்வெண் படம் பார்த்தால் 16 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில் இசை மதில் கட்டியது போல் நிற்கிறது. 128 கிலோபிட் எம்.பி.3 வழக்கமாக அங்கேதான் வெட்டும்.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல தட்டிலும் உள்பக்கம் போகப் போக ஒலி கொஞ்சம் மங்கும். 7 அங்குலத் தட்டில் வெளிக்கரையில் ஊசிக்குக் கீழே வினாடிக்கு 40 சென்ரிமீற்றர் அளவு பள்ளம் ஓடுகிறது, லேபல் பக்கம் வரும்போது அது 25 அளவுக்குக் குறைகிறது. அதே ஒலியைச் சின்ன இடத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் கடைசிப் பாட்டில் சிம்பல் தேய்ந்து கேட்டால் உடனே சண்டைக்குப் போகாதீங்க. எங்களுடையது முதல் பாட்டின் முதல் வினாடியில் இருந்தே இப்படி.

இரண்டாவது பதில்: "உங்கட பிளேயர் சரியில்ல." அதே பிளேயரில், அதே ஊசியில், வேறு மூன்று தட்டுகள் சுத்தமாகப் பாடுகிற பதிவை அனுப்பினோம். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது: "மட்டக்களப்பு வெயில்ல வளைஞ்சிருக்கும்." கிழக்கு மாகாணத்தில் இருக்கிறவனுக்கு வெயிலைக் காட்டி விளக்கம்! பீ.வீ.சி. தட்டு வெயிலில் வளைவது உண்மை. 60 பாகையை நெருங்கினாலே இளகத் தொடங்கும், பூட்டி வைத்த வான் போதும். வளைந்த தட்டில் ஊசிக்கை மேலும் கீழும் ஏறி இறங்கும். எங்கட தட்டைக் கண்ணாடி மேசையில் வைத்தால் ஒட்டிப் படுக்கிறது. ஊசிக்கை ஆடுவது இடமும் வலமும். அதற்குக் காரணம் நடுத்துளை மையத்தில் இல்லாதது. அதனால் சுற்றுக்கு ஒரு தடவை சுருதி ஏறி இறங்குகிறது. வெயில் துளையை நகர்த்தாது. அதோடு, இந்தத் தகடு பொலிகாபனேற் என்ற பிளாஸ்டிக் வகை என்றால் 140 பாகைக்கு மேல்தான் இளகும். அவருடைய பொருளே அவருடைய பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது.

நாலாவது பதில் கூரியர்காரர் மேல். ஐந்தாவது, "பாண்டிடம் கேளுங்க, நான் விக்கிற ஆள் மட்டும்தான்." கேட்டோம். கண்ணாடி நிறத்தில் எதுவும் அடிக்கவில்லை, எல்லாம் கறுப்பு என்று பாண்டில் இருந்து பதில் வந்தது. அதை அனுப்பியதும் நீலக் கோடு விழுந்தது, அத்தோடு பிளொக். தம்பி என்ற வாய், 18,500 ரூபாய் என்றதும் மூடிவிட்டது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை என்று பெரிய பட்டியல் ஒன்று போடத்தான் தொடங்கினேன். இப்போது நேரமில்லை, முக்கியமானவை மட்டும். காசு போடும் முன் லேபலுக்குப் பக்கத்து வெற்று வளையத்தின் படத்தைக் கேளுங்க, கீறிய இலக்கம் தெரிகிற மாதிரி. பாண்டின் சொந்தப் பக்கத்தில் எத்தனை பிரதி, என்ன நிறம் என்று நீங்களே பாருங்க. அனுப்புகிற வீடியோவில் ஊசி விழுகிற "டப்" சத்தம் இல்லாமல் நேரே பாட்டுத் தொடங்கினால், ஒலியை வேறு இடத்தில் இருந்து ஒட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு வந்த வீடியோவும் அப்படித்தான். பொருள் வந்த பிறகு காசு என்பதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளிடம் வாங்காதீங்க.

ஏற்கெனவே மாட்டியவர்கள் இன்பொக்ஸ் பேச்சு முழுவதையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்க, அவர்கள் பக்கத்தில் அழித்துவிடுவார்கள். குரல் செய்திகளைத் தனியாகச் சேமியுங்க. நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம், ஆனால் அதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்க. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய திகதியில் இருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும். "அடுத்த மாசம் காசு போடுறன்" என்று அந்தப் பக்கம் இழுப்பது இந்தக் காலம் கடக்கட்டும் என்றுதான். கணக்கு இலக்கத்தையும் சிலிப்பையும் பொலிஸ் முறைப்பாட்டில் சேருங்க, பக்கத்தின் பேர் மாறினாலும் கணக்கு மாறாது.

"தட்டைத் திருப்பி அனுப்புங்க, பாத்திட்டுக் காசு தாறன்" என்று சொன்னால் அனுப்பாதீங்க. 18,500 ரூபாய் கணக்கில் விழும் வரைக்கும் அந்தப் பிளாஸ்டிக் உங்க கையிலேயே இருக்கட்டும், அது போனால் ஆதாரமும் போய்விடும்.