சோறு குறைத்த வீட்டுக்கு எது: ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா?

எங்கள் வீட்டில் மாமாவுக்குச் சர்க்கரை. சோற்றைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு, கரண்டில் மெதுவாக வேகவைக்கும் 3.5 லிட்டர் ஸ்லோ குக்கர் ஒன்று வாங்கினோம். பிரஷர் குக்கர் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டிலும் அதே குழம்புகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் என் ஓட்டு ஸ்லோ குக்கருக்குத்தான். எல்லாச் சமையலுக்கும் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வேகம் என்றால் பிரஷர் குக்கர். உள்ளே சூடு 120 டிகிரி வரை ஏறுவதால் எலும்புக்கறியும் அரை மணி, முக்கால் மணியில் வெந்துவிடும். ஸ்லோ குக்கர் கொதிநிலையை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழேயே நிற்கும். லோ என்ற குறைந்த சூட்டில் 8 மணி நேரம், ஹை என்ற கூடுதல் சூட்டில் 4 மணி நேரம். கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 200 வாட் குக்கர் 8 மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்தான். மண்சட்டி ருசி இரண்டிலும் வராது. காருகுறிச்சிச் சட்டியில் வைத்த மீன்குழம்புக்கு நான் எதையும் ஈடு சொல்ல மாட்டேன். ஆனால் சட்டி அடுப்பில் இருக்கும்வரை பக்கத்தில் ஆள் வேண்டும்.

அந்த ஆள் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது. தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டே வளர்ந்த வீடு இது. காலையில் அம்பை 16 ரக அரிசியில் அரைத்த இட்லி, மதியம் சோறு, குழம்பு, ஒரு பொரியல். ஒருவருக்கு மட்டும் கார்ப் (மாவுச்சத்து) குறைந்த சாப்பாடு என்றால் தினமும் இரண்டு சமையல் என்று அர்த்தம். விடிந்ததும் ஒரு அடுப்பில் இட்லிக் கொப்பரை, இன்னொன்றில் சாம்பார். மூன்றாவதற்கு அடுப்பும் கிடையாது, கையும் கிடையாது. கொஞ்ச நாள் உற்சாகமாகப் போகும். அப்புறம் நாம் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் நானும் சோறே சாப்பிட்டுக்கிடுதேன்" என்று மாமாவே சொல்லிவிடுவார். நான் பார்த்தவரை பேலியோ என்கிற கார்ப் குறைத்த உணவுமுறையோ வேறெதுவோ, வீடுகளில் பாதியில் நின்றுபோவது ருசிக்காக அல்ல, இந்த இரட்டைச் சமையலால்தான்.

பிரஷர் குக்கர் நேரத்தை மிச்சம் பிடிக்கும், அடுப்பை விட்டுத்தராது. விசில் எண்ண வேண்டும், ஆவி அடங்கக் காத்திருக்க வேண்டும், அதுவும் காலை நெருக்கடியில். ஸ்லோ குக்கர் அடுப்பைக் கேட்பதே இல்லை. ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு அடுப்பு ஓய்ந்த பிறகு மசாலாவை வதக்கிக் கறியோடு உள்ளே போட்டு, லோவில் வைத்துவிட்டுப் படுத்துவிடலாம். காலையில் திறந்தால் மாமாவின் மதியச் சாப்பாடு தயார். "ராத்திரி பூரா கரண்டுல கெடக்கே, ஒண்ணும் செய்யாதா?" என்று அத்தை முதலில் பயந்தார். இப்போது மூடியைத் திறந்து வாசம் பார்ப்பதே அவர்தான்.

அதில் அடிக்கடி வைப்பது ஆட்டு நெஞ்செலும்புக் குழம்பு. அரைக் கிலோ கறிக்கு இரண்டு ஸ்பூன் மல்லி, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், நாலு மிளகாய் வத்தல், கால் மூடித் தேங்காய். எல்லாவற்றையும் சிவக்க வறுத்து மையாக அரைக்க வேண்டும். சின்ன வெங்காயத்தில் கை தாராளம் கூடாது. 100 கிராம் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 17 கிராம் கார்ப். சின்ன வெங்காயத்திலும் கிட்டத்தட்ட அதேதான். புளியிலும் கார்ப் உண்டு, நான் புளி சேர்ப்பதில்லை, ஒரு தக்காளி போதும். நல்லெண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, அரைத்த மசாலா எல்லாவற்றையும் பச்சை வாடை போக வதக்கியே போட வேண்டும். ஸ்லோ குக்கரின் சூட்டில் அந்த வாடை தானாகப் போகாது. தண்ணீர் ஒரு டம்ளர்தான். உள்ளே ஆவி வெளியேறாது, கறியும் தண்ணீர் விடும். வழக்கமான அளவு ஊற்றினால் ரசமாகிவிடும். சோறு இல்லாத தட்டில் குழம்பு தானே கெட்டியாக நிற்க வேண்டும். அரைத்த தேங்காயும் எலும்பிலிருந்து இறங்கும் பசையும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்கின்றன. பருப்பும் கிழங்கும் தேவையில்லை.

முற்றின நாட்டுக்கோழிக்கும் இதே முறைதான். நார் நாராக இருக்கும் தொடைக்கறி எலும்பை விட்டுக் கழன்று வரும். பிராய்லர் கோழியை இதில் ராத்திரி முழுக்கப் போட வேண்டாம், கூழாகிவிடும்.

தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக்கு ஸ்லோ குக்கரை நான் சொல்ல மாட்டேன். கிழங்கையும் பாசிப்பருப்பையும் தவிர்த்து, முருங்கைக்காய், காலிஃபிளவர், காளான் போட்டு மாமாவுக்காக வைக்கிற சொதி அடுப்பில் அரை மணியில் முடிகிற வேலை. முதல் பால் ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்குகிற பக்குவத்துக்குக் கண் பக்கத்தில் இருக்க வேண்டும். மீனை இதில் அவ்வளவாக வைத்துப் பார்க்கவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிரஷர் குக்கருக்கு இன்னொரு இடத்தில் மதிப்பு உண்டு: மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் மணிக்கணக்கில் கரண்ட் நிறுத்துகிற நாளில் ஸ்லோ குக்கர் வேண்டாம். கறி பாதி வெந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடந்தால் கொட்டிவிட வேண்டியதுதான், மறுபடி சூடாக்கிச் சாப்பிடக் கூடாது. அதனால்தான் ராத்திரியையே தேர்ந்தெடுத்தேன். வாங்கும்போதும் திருகும் குமிழ் உள்ளதாகப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் அது விட்ட இடத்திலிருந்து ஓடும். பட்டன் வைத்தவை பல அணைந்தே கிடக்கும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றிக் கொடுத்த பிறகே மாமாவுக்கு இதைத் தொடங்கினோம்.

இரண்டு, மூன்று பேருக்கு 3.5 லிட்டர் சரியாக இருக்கும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் அரைக் கிலோ கறி அடியில் பரவி ஓரம் காய்ந்துவிடும். பாத்திரம் பாதியாவது நிறைந்திருக்க வேண்டும்.