இலங்கை ஃப்ரீலான்சருக்கு பேயோனியர் எந்தளவு கைகொடுக்கும்?

இலங்கைக் கணக்கிலிருந்து பேபாலில் பணம் செலுத்தலாம், பெறத்தான் முடியாது. அதனால் ஃபைவர், அப்வேர்க் போன்ற இணைய வேலைத் தளங்களில் உழைப்பவர்கள் பலர் பேயோனியர் என்ற இணையப் பணச் சேவையையே நம்பியிருக்கிறார்கள். சின்னத் தொகைக்கு அது நல்ல சேவை. 200 டொலரை ஸ்விஃப்ட்டில், அதாவது வங்கிக்கு வங்கி நேரடியாக, அனுப்பச் சொன்னால் இடைவங்கி ஒரு பங்கை வெட்டும், நம் வங்கியும் கட்டணம் எடுக்கும். தொகை பெரிதாகும்போதுதான் ஸ்விஃப்ட் கட்டுப்படியாகும்.

பேயோனியரில் கவனிக்க வேண்டியது நாணய மாற்று வீதம். உறுதிசெய்யும் முன் திரையில் காட்டும் ரூபாயை டொலரால் வகுத்து, மத்திய வங்கி இணையதளத்திலுள்ள அன்றைய டிடி வாங்கும் வீதத்தோடு (TT buying rate: வங்கிகள் டொலரை வாங்கும் விலை) ஒப்பிடுங்கள். 300 ரூபாய்க்கு 6 ரூபாய் குறைந்தால் 2% போய்விட்டது.

பெயரும் சிக்கல் தரும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்து மட்டும் இருக்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் பணம் திரும்பிவிடும். கணக்குத் திறக்கும்போதே வங்கிப் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது வரி. 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை வருமானத்துக்கு உச்ச வீதம் 15%. ஆனால் அது வெளிநாட்டு நாணயத்தில் பெறப்பட்டு வங்கி வழியாக நாட்டுக்குள் வரவேண்டும். இல்லையேல் வழமையான 36% வரை ஏறும். ஆண்டு வருமானம் 40 இலட்சம் என்றால் 18 இலட்சம் விலக்கு, அடுத்த 10 இலட்சத்துக்கு 6%, மீதி 12 இலட்சத்துக்கு 15%: மொத்தம் 2,40,000 ரூபாய். பேயோனியர் பணம் ரூபாயாகவே கணக்கில் விழுந்தால் வங்கிக் கூற்றில் வெளிநாட்டு வரவென்று தெரியாமல் போகலாம். பேயோனியர் கூற்றையும் இன்வொய்ஸையும் மாதாமாதம் சேமியுங்கள், வங்கியிடம் எழுத்தில் உறுதிப்படுத்தலும் கேளுங்கள்.

ஃப்ரீலான்சர்கள் இந்த வரியை விரும்பவில்லை என்பது உண்மை. ஆனாலும் டொலரைக் கொண்டுவருவதா, வெளியே வைப்பதா என்று அவர்கள் முடிவெடுப்பது பெரும்பாலும் நாணய மாற்று வீதத்தைப் பார்த்துத்தான். 2021இல் மத்திய வங்கி டொலரை 200 ரூபாயளவில் பிடித்துவைத்தபோது, வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல் அதைவிட அதிகம் கொடுத்தது. வெளிநாட்டில் வேலைசெய்யும் இலங்கையர் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியன். எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடு டொலர் தேடி அலைந்த ஆண்டு அது. வீதம் சந்தையோடு ஒத்துவந்த பின் 2023இல் கிட்டத்தட்ட 6 பில்லியன் வந்தது.

500 டொலர் வரை பேயோனியர், அதற்கு மேல் ஒரே வாடிக்கையாளர் என்றால் வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு ஸ்விஃப்ட் என்பதே எங்கள் பரிந்துரை. பேயோனியர் வரவுக்கும் எல்லா வங்கிகளும் ஒரே வடிவில் சான்று கொடுக்கும்படி மத்திய வங்கி உத்தரவிட்டால் இந்த வரம்பை உயர்த்திச் சொல்லலாம்.