ஐட்லிங் சீராக: திருகா, ஈசியூ மறுநிரலா?

கேபிள் த்ராட்டில் (பெடலோடு கம்பியால் இணைந்த காற்றுவழி மூடி) கொண்ட பழைய காரில் வேகத்துக்கான கேம்ஷாஃப்டை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைப் பொருத்திய பிறகு, கும்பகோணம் கடைத்தெருவில் பிரேக் பிடித்ததும் எஞ்சின் அணைந்துபோனால், த்ராட்டில் முழுதாக மூடாமல் தடுக்கும் நிறுத்தத் திருகைச் சற்றே முறுக்கிவிடுவதுதான் பட்டறையில் முதலில் கைக்கு வரும் வழி. காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடியதால், எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாயான மேனிஃபோல்டில் வெற்றிடம் குறைகிறது, வேக்குவம் கேஜின் முள்ளும் நடுங்குகிறது. எஞ்சின் கேட்கும் கூடுதல் காற்றைத் திருகு தந்துவிடும். செலவில்லை. ஆனால் த்ராட்டில் சென்சாரின் மின்னழுத்தமும் கூடவே உயர்வதால், ஓட்டுநரின் கால் பெடலில் இருப்பதாக எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கருதி, ஐட்லிங் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் நிலை) கட்டுப்பாட்டையே விட்டுவிடக்கூடும்.

ஈசியூவின் மறுநிரலாக்கத்துக்குப் பணம் ஆகும். எனினும் ஐட்லிங்கின் இலக்கு வேகத்தை 750 ஆர்பிஎம்மிலிருந்து 900 அளவுக்கு உயர்த்தி, அடிப்படைக் காற்றளவையும் இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) புதிய கேமுக்கேற்ப அமைத்தால், ஏசி போட்டாலும் எஞ்சின் திணறாது. சித்திரை வெயிலில் தஞ்சாவூர்ச் சாலையில் ஓட்டுகிற நமக்கு இதுவே ஏற்றது என்று உறுதியாகச் சொல்வேன். எந்த வழியானாலும், ஐட்லிங்குக்கான காற்றைக் கட்டுப்படுத்தும், கரி அப்பிய ஐஏசி வால்வைக் கழற்றித் துடைத்து, மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்றுக்கசிவு இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.