ஸ்பேஸ் ஷட்டிலின் ஹைட்ரசின் ஏ.பி.யு.: விண்வெளி ஆயுதத் தளத்துக்குச் சரிப்படுமா?

விண்வெளியில் சுற்றும் ஆயுதத் தளத்துக்குச் சில நிமிடங்களுக்கு மட்டும் பெரிய சக்தி வேண்டும் என்றால், ஷட்டிலில் பறந்த சண்ட்ஸ்ட்ராண்ட் நிறுவனத்தின் ஏ.பி.யு. (துணைச் சக்தி யூனிட்) இன்றும் நல்ல அளவுகோல். ஒரு யூனிட் 135 குதிரைத்திறன், அதாவது சுமார் 100 கிலோவாட். எடை 40 கிலோ அளவுதான். அதே ஷட்டிலின் ஃபியூயல் செல் (எரிபொருள் மின்கலம்) 12 கிலோவாட் உச்சத்துக்கே 100 கிலோவைத் தாண்டும். ஆனால் ஏ.பி.யு.வுக்கு எரிபொருளைத் தனியாகக் கணக்கிட வேண்டும்: ஒரு பயணத்தின் 90 நிமிட ஓட்டத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 150 கிலோ ஹைட்ரசின் என்ற திரவ எரிபொருள்.

உள்ளே தீ எரிவதில்லை. அலுமினா மேல் இரிடியம் பூசிய ஷெல் 405 வினையூக்கியில் பட்டதும் ஹைட்ரசின் சிதைந்து, 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வாயுவாகிறது. அது டர்பைனை நிமிடத்துக்கு 74,000 சுற்று அளவில் சுழற்ற, கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்து ஹைட்ராலிக் பம்பை ஓட்டுகிறது. எரிபொருள் வால்வு விட்டுவிட்டுத் திறந்து மூடியே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பற்றவைப்பு வேண்டாம், ஆக்சிஜன் தொட்டி வேண்டாம். இந்த எளிமைக்கு முழு மதிப்பெண்.

வில்லங்கம் சீலில் (கசிவைத் தடுக்கும் அடைப்பில்) ஆரம்பிக்கிறது. எரிபொருள் பம்ப் கியர்பாக்ஸோடு ஒட்டியே இருப்பதால், கசியும் ஹைட்ரசின் மசகு எண்ணெயில் கலந்து மெழுகாகி வடிகட்டியை அடைக்கும். 1981 நவம்பர் 4 அன்று எஸ்.டி.எஸ்-2 என்ற ஷட்டில் பயணத்தின் ஏவுதல் நின்றதற்கு இதுதான் காரணம்: இரண்டு யூனிட்டுகளில் எண்ணெய் அழுத்தம் ஏறியிருந்தது. 1983 டிசம்பரில் எஸ்.டி.எஸ்-9 நிலைமை இதைவிட மோசம். எரிபொருளை உள்ளே செலுத்தும் இன்ஜெக்டர் குழாய்கள் விரிசல் விட்டு ஹைட்ரசின் கசிந்தது. வெற்றிடத்தில் சும்மா இருந்த கசிவு, இறங்கும்போது காற்று புகுந்ததும் தீப்பிடித்தது. குழாய்களுக்குக் குரோமியம் ஏற்றிய பிறகே நிலைமை சீரானது. நிறுத்திய சூட்டில் உடனே மறுபடி கிளப்பவும் முடியாது. இன்ஜெக்டருக்குள் தேங்கிய ஹைட்ரசின் சூட்டிலேயே சிதைந்து வெடிக்கலாம். முதலில் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்க வேண்டும். எந்த நொடியும் கூப்பிடப்படக்கூடிய ஆயுதத் தளத்துக்கு இதுவே பெரிய தடை.

மெகாவாட் அளவுக்குப் போனால் ஹைட்ரசினை விட்டுவிட்டு ஹைட்ரஜன்-ஆக்சிஜனுக்குத் தாவுவதே புத்திசாலித்தனம். இரண்டும் மிச்சமின்றி எரியும் விகிதத்தில் கலந்தால் அந்தக் கலவை கிலோவுக்குச் சுமார் 13 மெகாஜூல் தரும். அதில் 30 சதவீதம் டர்பைன் தண்டுக்கு வந்தால், 10 மெகாவாட்டைப் பத்து நிமிடம் ஓட்ட 1,500 கிலோ போதும் என்று காகிதக் கணக்கு சொல்லும். ஆனால் அந்தச் சுடர் 3,000 கெல்வினைத் தொடும். டர்பைன் இறகு தாங்காது. ஹைட்ரஜனைத் தாராளமாகக் கூட்டித்தான் குளிர்விக்க வேண்டும், அதற்கேற்ப தொட்டியும் பெரிதாகும்.

வாங்குவதற்கு முன் புகைபோக்கியைப் பாருங்கள். வெளியேறும் நீராவி தளத்தைச் சுற்றி மேகமாகத் தங்கினால் ஒளிக் கருவிகளின் கண்ணாடியில் படியும், அகச்சிவப்பு சென்சாரை மறைக்கும், உயர்மின்னழுத்தக் கம்பிகளில் பொறி கிளப்பும். திறப்புகள் எதிரெதிர் ஜோடியாக இல்லாவிட்டால் வெளியேறும் நீராவியின் உந்துவிசையே ஆயுதத்தின் குறியைத் திருப்பிவிடும். டர்பைனின் திறனைவிட இதைத்தான் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டும்.