ஹோண்டா சிடி 200: கையால் செய்த பாகங்களோடு ஓட்டிய அனுபவம்

மூதூரில் இருக்கும் என் மச்சான் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறான். "உன் எஞ்சினுக்கு நீயே பாகம் செய்து போட்டாயாமே, என்னுடையதற்கும் செய்யலாமா?" அவனிடமும் இதே ஹோண்டா சிடி 200 மோட்டார் சைக்கிள்தான். 194 சிசி, இரட்டைச் சிலிண்டர் என்று விளக்கம் சொல்ல வேண்டிய வண்டி இல்லை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இலங்கையில் 2020-இல் வாகன இறக்குமதி நின்றது. 2022-இல் டொலரும் இல்லாமல் போனது. கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய அந்த நாட்களில்தான் என் வண்டி ஒயிலைக் குடிக்கத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. வேகத்தைக் குறைத்துவிட்டு மீண்டும் முறுக்கினால் இன்னொரு புகை. வால்வு சீல் மாற்றியும் நிற்கவில்லை, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு தேய்ந்திருந்தது. கடையில் காட்டிய கைடோ பெயருக்குத்தான் புதியது, உள்ளே வால்வை விட்டு ஆட்டினால் பழையதைப் போலவே ஆடியது. விலையை எழுதினால் எனக்கு மறுபடியும் கோபம் வரும்.

கிண்ணியாவில் லேத் வைத்திருக்கும் நானா ஒருவர் உண்டு. படகுகளின் புரொப்பெல்லர் தண்டுக்குப் புஷ் கடைவதுதான் அவருடைய அன்றாட வேலை. வெண்கலத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அதை வாங்கியதும் பார்க்கக்கூட இல்லை, அரத்தை எடுத்து ஓரத்தில் ஆழமாக ஒரு இழுவை இழுத்தார். "மேல்நிறத்தை நம்பாதே தம்பி" என்றார். கடல்நீரில் பல காலம் கிடந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோகும். மிஞ்சும் செம்பினால் மேலே சிவந்து, பார்வைக்கு வெண்கலம் போலவே இருக்கும். அராவினால்தான் உள்ளேயிருக்கும் மஞ்சள் வெளிப்படும். பித்தளையில் கைடு செய்து எக்ஸோஸ்ட் பக்கம் போட்டால் சீக்கிரம் தேய்ந்து வால்வைப் பிடித்துக்கொள்ளும். என் துண்டு உள்ளேயும் சிவப்பாகவே இருந்தது.

கைடின் வெளிவிட்டத்தை, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் அது உட்காரும் துளையைவிட 0.04 மில்லிமீற்றர் அளவு பெரிதாகக் கடைந்தார். அதைக் குளிர்ந்த ஹெட்டில் அடித்து இறக்க முயன்றால் அலுமினியம் கீறிப்போகும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பேக்கரி இருக்கிறது. பாண் எடுத்து முடித்து, போறணை சூடு தணியும் நேரத்தில் ஹெட்டை உள்ளே வைக்க அனுமதி கேட்டேன். ஒயில் நாற்றம் போகுமளவுக்குக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார்கள், நியாயம்தான். கைடுகள் நான்கும் இரவு முழுக்க வீட்டு ஃப்ரீசரில், மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தன. சூடான ஹெட்டில் தண்ணீர்த்துளி சீறியவுடன் கைடை வைத்துத் தட்டினோம். சில தட்டிலேயே இறங்கி உட்கார்ந்தது. ஆறிய பிறகு எந்தச் சுத்தியலுக்கும் அசையவில்லை. பிறகு ரீமர் விட்டு உள்துளையை அளவுக்குக் கொண்டுவந்தோம். எக்ஸோஸ்ட் வால்வு அதிகமாகச் சூடாகி விரியும் என்பதால் அந்தப் பக்கம் ஒரு மயிரிழை கூடுதல் இடைவெளி. கைடு மாறினால் வால்வின் மையமும் நகரும். அதனால் வால்வு வந்து அமரும் சீட்டையும் வெட்டிப் பசை போட்டுத் தேய்க்காமல் விடக்கூடாது. வால்வுக்குப் பின்னாலுள்ள வழியான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துப் பார்த்தோம். சீட்டின் ஓரத்தில் ஈரம்கூட வரவில்லை.

அன்றிலிருந்து புகை இல்லை. நிலாவெளி வீதியில் உச்சி வெயிலில் ஓட்டியும் பார்த்துவிட்டேன். வெண்கலம் வால்வின் சூட்டை நன்றாகவே கடத்திவிடுகிறது. எக்ஸோஸ்ட் குழாய் வாய்க்குச் செம்பு வளையமும் நானே செய்தேன். செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் எஃகைப் போல இறுகாமல் இளகும். அதனால் இறுக்கியதும் அழகாகப் படிகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் கிளச் மூடியில் கசிவைத் தடுக்க வைக்கும் காகிதக் கேஸ்கட்டில்தான். நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றரில் கடைந்த வெண்கலம் சொன்னபடி கேட்கிறது. கத்தரிக்கோலால் வெட்டும் காகிதம் கேட்பதில்லை! மூடியின் மேல் தாளை விரித்து, ஓரத்தைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டுவார்களே, அதே முறைதான். அட்டைப் பெட்டியை வெட்டவில்லை, முறையான கேஸ்கட் தாளையே வாங்கினேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெட்டி வைத்தால் தாள் காய்ந்து சுருங்குகிறது, ஸ்க்ரூத் துளைகள் ஒன்றுக்கொன்று சேர்வதில்லை. நனைத்து இழுத்தால் சேரும், பிறகு மூலையில் கிழியும். மாரியில் வெட்டினால் தொளதொளவென்று ஊறிக் கிடக்கிறது. எல்லாம் சரியாக அமைந்த நாளிலும், முன்பு யாரோ ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்பிய தழும்பு மூடியின் விளிம்பில் இருக்கிறது. உப்புக்காற்று அரித்த குழிகளும் இருக்கின்றன. ஒயில் அந்த வழியைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது.

சிலிக்கன் பசையைத் தாராளமாகப் பூசச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்பக்கம் பிதுங்கும் பசை உதிர்ந்து ஒயில் வலையை அடைக்கும். கசிவு போய் எஞ்சினே போகும். விளிம்பைக் கண்ணாடி மேல் எமரித்தாள் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தினேன். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. சொட்டு சிறியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விறாந்தையில் தினமும் அதே இடத்தில் அதே கறை. வீட்டுக்கு வருகிறவர்கள் வெண்கலக் கைடைப் பற்றி விசாரிப்பதில்லை, "வண்டி ஒயில் ஒழுகுதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பிஸ்டன், ரிங், கொன்ரொட் பக்கம் கையை வைக்காதே. மணலில் அலுமினியம் வார்த்துப் பிஸ்டன் செய்யலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு.

ஆக மச்சான், என் பதில்: செய்யாதே. கடையில் வாங்கு, விலை என்னவானாலும் வாங்கு. கைடு மட்டும் வேண்டுமென்றால் அந்த வெண்கலத் துண்டில் உனக்குப் போதுமான அளவு மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை நானாவின் பட்டறை மத்தியானம் வரை திறந்திருக்கும், ஹெட்டைக் கழற்றிக்கொண்டு வா.