பட்டன் பிரேமும் உப்புத்தாள் எழுத்தும்: 3 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

பையன் யூகேஜி போறான், 5 வயசு ஆகப்போகுது. ஜூன்ல ஸ்கூல் திறந்தப்போ அவங்க மிஸ் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "எழுத்தை நாங்க பாத்துக்கறோம்மா, பாத்ரூம் போயிட்டு வந்தா டவுசர் பட்டன் போட, டிபன் பாக்ஸ் திறந்து மூட மட்டும் வீட்டுல பழக்குங்க". அன்னிக்கு ராத்திரியே ஆன்லைன்ல தேடி மாண்டிசோரி (குழந்தை தன் கையாலயே செஞ்சு பாத்துக் கத்துக்கிற முறை) செட் ஒண்ணு ஆர்டர் போட்டேன், 2,400 ரூபா. உள்ள 4 மரச்சட்டம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு துண்டு துணி, நடுவுல ஒண்ணுல பெரிய பட்டன், ஒண்ணுல ஜிப், ஒண்ணுல பக்கிள், ஒண்ணுல ஷூ லேஸ். கூடவே விரலால தடவிப் பழக உப்புத்தாள்ல வெட்டி ஒட்டின தமிழ் எழுத்து அட்டை, உயிர் 12 மெய் 18.

பிரேம் சூப்பர், அதுல சந்தேகமே இல்ல. சட்டை மேல போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்து பட்டன் போடறது குழந்தைக்கு ரொம்ப கஷ்டம், கழுத்து வலிக்கும், துணி நழுவும். இதை மேசை மேல வச்சுட்டா ரெண்டு கையும் ஃப்ரீ, கண்ணுக்கு நேரா ஓட்டை தெரியுது. போடறதுக்கு முன்னாடி கழட்டக் கத்துக்குடுங்க, அது ஈஸி, கழட்டத் தெரிஞ்சவுடனே அவனுக்கே தைரியம் வந்துடுது. நீங்க செஞ்சு காட்டும்போது வாயைத் திறக்காதீங்க, பேசினா அவன் உங்க மூஞ்சியைத்தான் பாப்பான், கையைப் பாக்க மாட்டான். முதல் வாரம் கீழ இருக்கிற பட்டனை மேல் ஓட்டைல மாட்டி கடைசில ஒரு பட்டன் மிஞ்சி நின்னுச்சு, நான் சரி பண்ணப் போகல, கொஞ்ச நேரம் முறைச்சுப் பாத்துட்டு எல்லாத்தையும் அவனே கழட்டி மறுபடி போட்டான். தப்பை அந்தச் சட்டமே காட்டிக் குடுத்துடுது, அம்மா சொல்லத் தேவையில்ல, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

எங்க அத்தைக்குத்தான் மனசு தாங்கல. "ஏம்மா, புள்ள எவ்ளோ நேரமா கஷ்டப்படுது, நான் போட்டு விடறேனே"ன்னு வந்துடுவாங்க. "இன்னும் 5 நிமிஷம் விடுங்க அத்தை"ன்னு சொல்லி 6.30க்கு எழுப்பறதை 6.15 ஆக்கிட்டேன். அந்தக் கால் மணி நேரம் இல்லாம எந்த செட் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லைங்க, அவசரத்துல நாமளே போட்டு விட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடிடுவோம்.

விலைதான் ஓவர். வெளிநாட்டு முறைன்னு சொல்லியே விக்கிறாங்க. இந்த முறையை உருவாக்கின மரியா மாண்டிசோரி 1907ல ரோம்ல தன்னோட முதல் பள்ளியை ஆரம்பிச்சவங்க, ஆனா 1939லயே சென்னை அடையாறுக்கு வந்து தியசாபிகல் சொசைட்டில டீச்சர்களுக்குப் பாடம் எடுத்திருக்காங்க, போர் வந்து ஊருக்குத் திரும்ப முடியாம கொடைக்கானல்லயும் கொஞ்ச காலம் இருந்திருக்காங்க. நம்ம ஊர்ல இவ்ளோ வருஷமா இருக்கிற விஷயத்துக்கு இவ்ளோ காசு தரணுமான்னு தோணுச்சு. அக்கா பொண்ணுக்கு நானே தெரு முனை டெய்லர் அண்ணன்கிட்ட பழைய யூனிபார்ம் துணியைக் குடுத்து பட்டன் ஒண்ணு, ஜிப் ஒண்ணு தைச்சு வாங்கினேன், சட்டம் கார்பெண்டர் போட்டுக் குடுத்தார், ரெண்டும் சேத்து 350 ரூபாதான் ஆச்சு. அவளும் நல்லாத்தான் பழகறா.

எழுத்து அட்டைலதான் ஏமாத்தம். தாள் ரொம்ப முரடு, நாலு எழுத்து தடவினதும் விரல் நுனி செவந்து போச்சு, "எரியுதும்மா"ன்னு தள்ளி வச்சுட்டான். எங்க ஆரம்பிக்கணும், எந்தப் பக்கம் வளைக்கணும்னு அம்புக்குறியும் இல்ல, தமிழுக்கு அது கண்டிப்பா வேணும். ழ் ஒரே மாசத்துல பிஞ்சு வந்துடுச்சு. விக்கிறவங்களுக்கு மெசேஜ் போட்டேன், பதிலே இல்ல.

ஆனா அந்த ஐடியா அருமையானது, அதனால விட மனசில்ல. ஹார்டுவேர் கடைல 220 நம்பர் உப்புத்தாள் வாங்கி, பின்பக்கம் எழுத்தைத் தலைகீழா இல்லாம கண்ணாடில தெரியிற மாதிரி இடம் வலமா வரைஞ்சு வெட்டி, கல்யாணப் பத்திரிகை அட்டைல ஒட்டினேன். முதல்ல ட, ப, ம மட்டும், பெரும்பாலும் நேர்கோடா இருக்கிறதால. ரெண்டு சுழி ன, மூணு சுழி ணன்னு வாயால எத்தனை தடவை சொல்லியும் குழம்பினவன், இப்போ கண்ணை மூடிக்கிட்டு தடவியே சுழியை எண்ணிச் சொல்றான்!

பிரேமுக்கு 5க்கு 4, எழுத்து அட்டைக்கு 1. தனித்தனியா வித்தா பிரேமை மட்டும் வாங்குங்க. அம்புக்குறி போட்ட நல்ல தமிழ் எழுத்து அட்டை எங்கயாவது பாத்திருந்தா கீழ சொல்லுங்க, உயிர்மெய்க்கு இனிமேதான் நான் வெட்ட ஆரம்பிக்கணும்.